மேகம் விலகிய அந்தக் கொஞ்ச நேரம்: மலையகத்தில் ஹெலிகொப்டர் மீட்பு எப்படி நடக்கிறது?

[திரையில்: மேகம் மூடிய தேயிலை மலை. தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் மட்டும்.]

2025 நவம்பர் 28. டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரை வழியாக உள்ளே நுழைந்த நாள். பெயர் புயல் என்றாலும் மலையகத்தில் உயிர்களைக் கொண்டுபோனது காற்று அல்ல, மழை. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வீதிகள் உடைந்தன, கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. ஊருக்குள் போக ஒரே வழி மேலிருந்துதான் என்ற நிலை பல இடங்களில்.

அந்த வழியாக வந்தவர்களைப் பற்றித்தான் இந்த வீடியோ. அவர்களுக்கு நன்றி சொல்ல ஆசை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது புரிந்தால்தான் அந்த நன்றிக்குக் கனம் இருக்கும். அதனால் முதலில் வேலையைப் பார்ப்போம்.

[திரையில்: இலங்கை வரைபடம். ஹிங்குராக்கொட, அநுராதபுரம் இரண்டிலும் புள்ளி.]

இலங்கை விமானப்படையின் மீட்பு வேலையில் இரண்டு வகை ஹெலிகொப்டர்களை அதிகம் பார்க்கலாம். ஒன்று பெல் 212. இதை ஓட்டும் 7ஆம் படையணிக்கு ஹிங்குராக்கொடதான் தளம். மற்றது எம்ஐ-17, பெரியது, ரஷ்யத் தயாரிப்பு. 6ஆம் படையணி அநுராதபுரத்தில் இருந்து அதை ஓட்டுகிறது. இரண்டு தளங்களும் சமவெளியில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும்போது வானம் வெளுத்திருக்கலாம். மலையின் வாசலுக்கு வந்ததும் முன்னால் வெள்ளைச் சுவர்.

அந்த நாட்களில் நம்மவர்கள் பலர் கேட்ட கேள்வி இது: "ஏன் இன்னும் ஹெலி வரவில்லை?" பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, சரிந்த மலைக்குக் கீழே நிற்கிற தாய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. பதில் அந்த மேகத்தில் இருக்கிறது. மலையிடுக்கில் தாழப் பறக்கும் பைலட் கண்ணால் பார்த்துத்தான் பறக்க வேண்டும். மேகத்துக்குள் நுழைந்தால் எதிரே மலை எந்தப் பக்கம் என்று தெரியாது. திரும்ப இடம் இருக்கிறதா என்றும் தெரியாது. அதனால் பள்ளத்தாக்கின் வாயில் சுற்றிச் சுற்றிக் காத்திருப்பார்கள். எரிபொருள் குறையும். மேகம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், உடனே உள்ளே. சில நேரம் தூக்கிக் கொடுக்காது, வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போகும் முடிவும் துணிச்சலான முடிவுதான் என்று நான் நினைக்கிறேன். கீழே ஆட்கள் கை காட்டுவது தெரிந்தும் திரும்புவது லேசான காரியமா?

இன்னொரு ஆபத்து கம்பிகள். மின்கம்பி, போன் கம்பி, பழைய தோட்டங்களில் ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு இழுத்திருக்கும் இரும்புக் கயிறு. மழையில், சாம்பல் நிற வானத்தில், மேலிருந்து பார்த்தால் இவை கண்ணுக்கே தெரியாது. தாழப் பறக்கும் ஹெலிகொப்டருக்கு உலகம் முழுவதும் பெரிய எதிரிகளில் ஒன்று இந்தக் கம்பிதான்.

[திரையில்: கடல்மட்டத்திலிருந்து நுவரெலியா வரை உயரக் கோடு.]

சரி, மேகம் விலகியது, உள்ளே வந்தாயிற்று. அடுத்த சிக்கல் காற்று. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்குப் பிடிக்கக் காற்று குறைவு, என்ஜினுக்கும் மூச்சு குறைவு. ஹெலிகொப்டர் முன்னோக்கிப் போகும்போது கொஞ்சம் உதவி கிடைக்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுதான் மிக அதிகமாகச் சக்தியைக் குடிக்கிற வேலை. மீட்புக்கோ அதைத்தான் செய்ய வேண்டும். பெல் 212இல் பைலட்டோடு 15 பேர் போகலாம் என்பது கணக்கு. மலையில், வின்ச்சும் (ஆளைக் கம்பியில் இறக்கித் தூக்கும் கருவி) குழுவும் இருக்கும்போது, அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்ற முடியும். எரிபொருளைக் குறைத்தால் ஆட்களைக் கூட்டலாம், ஆனால் காத்திருக்கும் நேரம் குறையும். "இரண்டு பேரைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள், இடம் இருந்ததே" என்று கோபப்பட்டவர்கள் இருப்பார்கள். இடம் இருந்திருக்கும். தூக்கும் சக்தி இருந்திருக்காது.

இப்போது வின்ச்.

[திரையில்: கோட்டுப்படம். கதவோரம் முழங்காலில் ஒருவர், கம்பியின் நுனியில் ஒருவர்.]

இறங்கச் சமதரை கிடைக்காத இடத்தில் கம்பியில் ஆளை இறக்கித் தூக்குவார்கள். அந்தக் கம்பி ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்புத்தான். பைலட்டுக்குத் தன் காலுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கதவோரத்தில் குனிந்து கீழே பார்ப்பவர் வின்ச் இயக்குபவர். அவர்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்: முன்னால், இன்னும் கொஞ்சம், நிறுத்துங்கள், இடப்பக்கம். பைலட் அந்தக் குரலை நம்பி இயந்திரத்தை நகர்த்துகிறார். கம்பியில் தொங்குபவர் இந்த இருவரையும் நம்பித் தொங்குகிறார். மரக்கிளை, கூரை, சரிந்து கொண்டிருக்கும் மண் எல்லாவற்றுக்கும் நடுவே அவர் காலை ஊன்ற வேண்டும்.

செய்திப் படங்களில் நாம் பைலட்டின் முகத்தைப் பார்க்கிறோம். கதவோரத்தில் இருந்தவர் யார், கம்பியில் இறங்கியவர் யார், இரவெல்லாம் டோர்ச் வெளிச்சத்தில் என்ஜினைப் பரிசோதித்த தொழில்நுட்பவியலாளர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. மலையகத்தில் எங்காவது ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தால் இவர்கள் அத்தனை பேரையும் மேடைக்கு அழைக்க வேண்டும். மாலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

நவம்பர் 30. நிவாரண வேலையில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஒன்று வென்னப்புவைக்கு அருகே லுணுவிலவில் விழுந்தது. விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். அவரோடு இருந்த குழுவினர் உயிர் தப்பினார்கள். அது மலை அல்ல, சமவெளி. இந்த வேலையில் பத்திரமான இடம் என்று ஒன்று இல்லை. 2017 மே வெள்ளத்திலும் காலி மாவட்டத்தில், மீட்புப் பணியின் நடுவே, ஹெலிகொப்டரில் இருந்து விழுந்து ஒரு விமானப்படை வீரர் இறந்தார். நம் தோட்டத்துக் கோயிலில் டித்வாவில் போனவர்களுக்கு விளக்கு ஏற்றும்போது, இவர்களுக்கும் ஒன்று ஏற்றலாம். இவர்கள் பேசிய மொழி நமக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் நமக்காகத்தான் போனார்கள்.

வெளியிலிருந்தும் வந்தார்கள். இந்தியா "சாகர் பந்து" என்ற பெயரில் உதவி அனுப்பியது. இந்தியக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இருந்து சேத்தக் ஹெலிகொப்டர்கள் பறந்தன, இந்திய விமானப்படையின் எம்ஐ-17கள் கொத்மலைக்கு வந்தன. கொத்மலையில் ஹெலிகொப்டர் இறங்க முடியாத இடம் ஒன்றில் இந்திய விமானப்படையின் சிறப்புப் படையான கருட் கமாண்டோக்கள் கம்பியில் இறங்கினார்கள். சிக்கியிருந்தவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு ஹெலிகொப்டர் இறங்கும் தளத்துக்கு வந்தார்கள். தியத்தலாவையில் இருந்து இலங்கை இராணுவ வீரர்களையும் அதே ஹெலிகொப்டர்கள் மண்சரிவுப் பகுதிக்கு ஏற்றி வந்தன. கம்பி இறக்கியவர், நடந்தவர், வழி காட்டிய ஊர்க்காரர் எல்லோரும் சேர்ந்துதான் அந்த மீட்பு.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். ஹெலிகொப்டரால் சிக்கியவரைத் தூக்க முடியும், மண்ணுக்குள் புதைந்தவரைத் தூக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கே எந்த விமானம் வந்து என்ன செய்திருக்க முடியும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் அந்த நேரமே வெளியேறத்தான் வேண்டும். போவதற்குப் பத்திரமான இடமும், திரும்பி வரப் பத்திரமான வீடும் தோட்ட மக்களுக்கு இருக்க வேண்டும் என்பது வேறு பெரிய கதை. அதைத் தனி வீடியோவாகவே பேச வேண்டும்.

[திரையில்: தோட்டப் பாடசாலை மைதானம், மேலிருந்து.]

அப்புறம், ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்தால் நாம் செய்ய வேண்டியது. இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்கினால் "உதவி வேண்டும்" என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". சும்மா கையசைத்தால் மேலே இருப்பவருக்குக் குழப்பம்தான். விசிறியின் காற்றில் லயன் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதனால் தளர்ந்த தகரத்துக்கு அருகில் நிற்காதீர்கள், குடை, பிளாஸ்டிக் விரிப்பு எதையும் விரித்து வைக்காதீர்கள். கம்பி இறங்கும்போது ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது. பறக்கும் இயந்திரத்தில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். கொக்கி முதலில் தரையைத் தொடட்டும். பட்டி மாட்டித் தூக்கும்போது கைகளைக் கீழேயே வைத்திருங்கள், பயத்தில் மேலே தூக்கினால் பட்டி நழுவும்.

தோட்டத்தில் ஹெலிகொப்டர் இறங்கக்கூடிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாடசாலை மைதானம், இல்லாவிட்டால் கோயில் முற்றம். மழைக்காலத்துக்கு முன்பே அதன் இருப்பிடத்தைப் போனில் எடுத்து, ஒரு தாளிலும் எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் கொடுத்து வையுங்கள். அவசர இலக்கம் 117. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள், ஒரே பெயரில் பல தோட்டங்கள் இருக்கின்றன. நடக்க முடியாதவர் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை என்பதும் வேண்டும். மைதானத்தின் எந்தப் பக்கத்தில் மின்கம்பி போகிறது, கொடிக்கம்பம் எங்கே நிற்கிறது என்பதை அந்தத் தாளிலேயே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.