ஹாக்கி பெப் பேண்டுக்கு ஆள் புடிக்கிறது எப்படி, நிறுத்தி வெக்கிறது எப்படி? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி நியூயார்க் மாநிலத்துலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. சுருக்கி வாசிக்கிறேன். "அக்கா, எங்க காலேஜ் ஐஸ் ஹாக்கி டீமோட பெப் பேண்டுல நான் டிராம்போன் வாசிக்கிறேன். இந்த வருஷம் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. ஆகஸ்ட்ல 60 பேர் பேர் குடுக்குறாங்க. அக்டோபர்ல 14 பேர்தான் வர்றாங்க. பிப்ரவரில அது 8 ஆயிடுது. ஆளை எப்படிப் புடிக்கிறது, புடிச்ச ஆளை எப்படி நிறுத்தி வெக்கிறது?"

தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன். பெப் பேண்டுன்னா, காலேஜ் மாட்ச் நடக்கும்போது கேலரி மூலையில ட்ரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸோட நின்னு சொந்த டீமுக்கு உசுப்பேத்துற பசங்க கூட்டம். ஐஸ் ஹாக்கியில பக், அதாவது பந்துக்குப் பதிலா இருக்குற ரப்பர் வட்டு, ஓடிட்டு இருக்கும்போது வாசிக்கக் கூடாது. விசில் ஊதுனதும் ஆரம்பிச்சு, ரெஃப்ரி பக்கைக் கீழ போடுறதுக்குள்ள நிறுத்திடணும். சில நேரம் 20 செகண்டுதான் கிடைக்கும். நம்ம ஊர்க் கல்யாணத்துல ஐயர் கையைத் தூக்குனதும் கெட்டிமேளம் கொட்டுவாங்க பாருங்க, கிட்டத்தட்ட அந்த வேலை. என்ன, தாலி ஒரு தடவைதான் கட்டுவாங்க. இங்க ஒரு ராத்திரிக்கு அம்பது தடவை கையைப் பாத்துட்டே நிக்கணும்.

தம்பி, உங்க ஓட்டை எங்க இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஆகஸ்ட் கடைசியில கிளப் மேளா நடக்குது, பேர் வாங்குறீங்க. ஹாக்கி சீசன் அக்டோபர்லதான் தொடங்குது. ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் காலேஜுங்க இன்னும் லேட்டு. நடுவுல ஆறு வாரம் அந்தப் புள்ளைங்களுக்கு என்ன இருக்கு? வாரத்துக்கு ஒரு ரிகர்சல், ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல. அதுக்குள்ள முதல் மிட்டேர்ம் வந்துடும், லேப் வந்துடும், போயிடுவாங்க. அவங்க பேண்டை விட்டுப் போகல, பேண்டுன்னா என்னன்னு பாக்காமலே போறாங்க.

என் கதையவே சொல்றேன். நான் எம்.எஸ். படிக்கப் போனப்ப எனக்கிருந்த ஒரே அனுபவம், திருச்சியில கான்வென்ட் ஸ்கூல் பேண்டுல சைடு டிரம் அடிச்சது. நோட்ஸ் படிக்கவே தெரியாது. ரூம்மேட் பெப் பேண்டுக்கு இழுத்துட்டுப் போனா. ஆடிஷன் வெச்சு மானத்தை வாங்குவாங்கன்னு பயந்துட்டே போனேன். அங்க ஒரு பையன் என் கையில சிம்பலை, அதாங்க பெரிய ஜால்ரா மாதிரி பித்தளைத் தட்டு, குடுத்துட்டு, "டிரம்மரோட வலது காலைப் பாரு, அது இறங்கும்போது அடி"ன்னான். அவ்வளவுதான் பாடம். ரெண்டாவது பீரியட்ல நம்ம டீம் கோல் போட்டுச்சு. ஃபைட் சாங், அதாவது காலேஜோட உற்சாகப் பாட்டு, ஆரம்பிக்குது, மொத்த அரங்கமும் எழுந்து நிக்குது, எல்லாரும் எதிர் டீம் கோல்கீப்பரைப் பாத்து விரலை நீட்டி "சீவ், சீவ்"னு கத்துறாங்க. சீவ்னா சல்லடை, எல்லாத்தையும் உள்ள விட்டுடுறவன்னு அர்த்தம்! இந்தத் திட்டு நம்ம பாட்டிங்க வாயிலயே வந்திருக்கும்போல இருக்கேன்னு சிரிச்சுட்டேன். அடிச்சு அடிச்சு உள்ளங்கை செவந்துபோச்சு. படிப்பு முடியிற வரைக்கும் நான் அந்த மூலையை விட்டு நகரல.

அதனால நீங்க செய்ய வேண்டியது, பேர் குடுத்த புள்ளையைப் பத்து நாளுக்குள்ள ஏதாவது ஒரு மாட்ச்ல வாசிக்க வெக்கிறதுதான். ஹாக்கியா இருக்கணும்னு அவசியமே இல்ல. செப்டம்பர்ல வாலிபால் இருக்கு, சாக்கர் இருக்கு. போய் நில்லுங்க, அஞ்சே அஞ்சு பாட்டு போதும்.

யாரைத் தேடுறதுன்னு பாத்தா, மியூசிக் படிக்கிற பசங்க பின்னாடி அலையாதீங்க. அவங்களுக்கு வேற வேலை இருக்கு. மிச்சிகன் டெக், ஆர்.பி.ஐ.ங்கிற ரென்சலர் பாலிடெக்னிக், கிளார்க்சன், இதெல்லாம் ஹாக்கி பேண்டுக்குப் பேர் போன எடங்க. மூணுமே இன்ஜினியரிங் பக்கம் சாஞ்ச காலேஜுங்க. ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டுல நாலு வருஷம் வாசிச்சுட்டு, காலேஜ்ல மெக்கானிக்கல் எடுத்துட்டு, சாக்ஸஃபோனை அம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்தவன்தான் உங்க ஆளு. "கை விட்டுப் போச்சு"ம்பான். சுலபமான மூணாவது பார்ட்டைக் குடுங்க. ஹார்ன், அதாவது ஊதுற வாத்தியம், கொண்டு வரலேன்னா கடனா ஒண்ணு குடுங்க, காலேஜ் ஸ்டோர் ரூம்ல கண்டிப்பாத் தூங்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு, புதுசா ஒருத்தன் வந்த உடனே பேண்டு சட்டை ஒண்ணைக் குடுத்துடுங்க. மிச்சிகன் டெக் பசங்க கோடு போட்ட ஓவரால்ஸ்ல, அதாவது தோள்பட்டை வார் வெச்ச பேண்ட்ல, வந்து நிப்பாங்க. 200 அங்குலம் பனி கொட்டுற ஊர்ல அந்த வேஷத்தோட நடந்து போறவனைப் பாத்தாலே யாருன்னு தெரிஞ்சிடும். அதை மாட்டுனவனுக்கு விட்டுப் போக மனசு வராது.

குளிரைப் பத்தி முதல் நாளே சொல்லிடுங்க. ஐஸ் ஹாக்கி நடக்குற ரிங்க்ல பித்தளை வாத்தியம் குளிர்ந்துச்சுன்னா சுருதி இறங்கும், வால்வ் மக்கர் பண்ணும். வாய் வெச்சு ஊதுற மவுத்பீஸை ஜாக்கெட் பையில வெச்சுக்கச் சொல்லுங்க. மரத்துல செஞ்ச கிளாரினெட்டை எடுத்துட்டே வர வேணாம், விரிசல் விட்டுடலாம். பேண்டுக்குன்னு ரெண்டு பிளாஸ்டிக் கிளாரினெட் வெச்சிருங்க. அப்பா வாங்கிக் குடுத்த கிளாரினெட்ல விரிசல் விழுந்த பொண்ணு ஒருத்தி எங்ககிட்ட இருந்தா. மறுவாரம் வரல, அப்புறம் வரவே இல்ல.

இப்ப நிறுத்தி வெக்கிற கதை. சீசன் கடைசியில வர்ற ப்ளேஆஃப் சுத்துல வெளியூர் மாட்ச்சுக்கு பஸ்ல எடம் கொஞ்சம்தான் இருக்கும். எங்க பேண்டுல ஒரு வருஷம் பொறுப்புல இருந்தவங்க அவங்க சினேகிதங்களைப் பூரா ஏத்திக்கிட்டாங்க. சீசன் முழுக்க ஒரு நாள் தவறாம வந்த ரெண்டு ட்ரம்பெட் கீழயே நின்னுச்சு. அடுத்த வருஷம் அந்த செக்‌ஷனே காலி. வருகைக் கணக்கை எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி வெச்சுடுங்க, அதிகம் வந்தவனுக்குத்தான் முதல் சீட்டு. பெண்கள் டீம் மாட்ச்சுக்கு வந்தாலும் அந்தக் கணக்குல அதே அளவு புள்ளி குடுங்க. அங்க கூட்டம் கம்மி, அதனால பசங்க டிமிக்கி குடுப்பாங்க. ஆனா படிப்புல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு அமெரிக்காவுல 1972-ல வந்த டைட்டில் நைன் சட்டப்படி, ரெண்டு டீமுக்கும் சமமா பேண்டு போகுதான்னும் பாப்பாங்க. சட்டத்தை விடுங்க, புதுசா வந்தவன் பயமில்லாம வாசிச்சுப் பழக அதைவிட நல்ல எடம் கிடையாது.

ஜனவரி ஒரு கண்டம். லீவு முடியறதுக்கு முன்னாடியே மாட்ச் வந்துடும், ஹாஸ்டல்ல ஈ காக்கா இருக்காது. அன்னிக்கு ஊர்லயே இருக்குற பழைய மாணவங்களைக் கூப்பிடுங்க, ஓடி வருவாங்க. டிசம்பர் பரீட்சை நேரத்துல யாரையும் "ஏன் வரல"ன்னு கேக்காதீங்க. ரெண்டு வாரம் வராதவனுக்கு உங்க பேண்டு வாட்ஸப்ல பொதுவா ஒரு மெசேஜ் போறதுக்கும், பக்கத்துல நின்னு வாசிக்கிறவன் "டேய், நீ இல்லாம ரெண்டாவது டிராம்போன் காத்து வாங்குது"ன்னு தனியா அனுப்புறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. எட்டு செக்‌ஷனுக்கு எட்டு பேரைப் பொறுப்பாப் போடுங்க. முதல் வருஷப் பசங்களா இருந்தா இன்னும் நல்லது, பொறுப்பு குடுத்தவன் சீக்கிரம் ஓட மாட்டான்.

பீட்சாவைப் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். மாட்ச்சுக்கு முன்னாடி வேணாம், ஹார்ன் பூரா சீஸ். சனிக்கிழமை மாட்ச் முடிஞ்சப்புறம் வெச்சுக்கோங்க.

இப்போதைக்கு செப்டம்பர் வாலிபால் அட்டவணையை எடுத்து, முதல் ஹோம் மாட்ச் எப்பன்னு பாத்து, கோச்சுக்கு இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க தம்பி. சரி, அடுத்த கேள்விக்குப் போலாம்.