முதலில் கிணறு, பிறகு மலை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகரத்தை விட்டுக் கிராமத்தில் குடியேற நினைப்பவர்கள் இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இயற்கை அழகையா, வாழ்க்கைக்கான அடிப்படையையா? இதுதான் இன்றைய தலைப்பு. அடிப்படையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "சாலை நாளை வரும், மின்சாரம் நாளை வரும். மலை நாளை வருமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் கேட்கிறேன்: நிலத்துக்கு அடியில் இல்லாத தண்ணீர் நாளை வருமா?

மலையும் அருவியும் மட்டுமா இயற்கை? பாறை இடுக்கில் தேங்கி நிற்கும் நீர், மழை நீரை உள்வாங்கும் மண், காற்று அடிக்கும் திசை எல்லாமே இயற்கைதான். கண்ணில் படும் இயற்கையைப் பார்த்து நிலத்தை வாங்குகிறோம். கண்ணில் படாத இயற்கையோடுதான் பிறகு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறோம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக் குழாயில் வரும் நீரைச் சோதித்து அனுப்ப ஒரு துறை இருக்கிறது. சொந்தக் கிணற்றை நம்பிக் குடியேறுகிறவருக்கு அந்தப் பொறுப்பு முழுவதும் தம் தலையில்தான். மழை முடிந்த கையோடு போய்ப் பார்த்தால் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும், நீரும் தெளிந்துதான் இருக்கும். அந்தத் தெளிவை அப்படியே நம்பலாமா? இரும்பு கலந்த நிலத்தடி நீர் இறைத்தவுடன் தெளிவாகவே இருக்கும். அதை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்றுப் பட்டுப் பட்டுத் துருவின் நிறம் ஏறி, அடியில் செந்நிற வண்டல் படிந்திருக்கும்.

இரும்பாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. வயலில் இட்ட உரத்திலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கசிந்து கிணற்றில் இறங்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வழிகாட்டு அளவு. அது மீறினால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கத் தொடங்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகிறது, நைட்ரேட் பாத்திரத்திலேயே செறிகிறது. புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். மிக அதிகமானால் எலும்பையே பிடிக்கும். மலையடிவாரத்தில் நின்று ரசிக்கும் கண்ணுக்கு இவற்றில் எது தெரியும், நடுவர் அவர்களே? ஓர் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் நீர் அனுப்பினால் தெரிந்துவிடும். அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பு செய்யுங்கள் என்பதுதான் எங்கள் அணியின் வாதம்.

எதிரணியினர் அழகு என்று வரிசையாகச் சொன்னவற்றுக்கு வருகிறேன். ஆற்றங்கரை வீடு என்றார்கள். அந்தக் கரை ஏன் அவ்வளவு சமமாக, அவ்வளவு பசுமையாக இருக்கிறது? ஆறு காலங்காலமாகப் பெருகி வந்து அங்கே வண்டலைக் கொட்டியதால்தான். எந்த வெள்ளம் அந்த அழகைக் கொடுத்ததோ, அதே வெள்ளம் மீண்டும் வரும். நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்று பொறியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது நம் பேரன் காலத்துக் கவலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அந்தக் கணக்கின் பொருள். 30 ஆண்டுகள் அங்கே குடியிருந்தால் ஒரு முறையாவது அந்த வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். ஆற்றோர வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சாளரத்துக்கு வெளியே பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். இடுப்பளவு உயரம் வரை மட்டும் பூச்சு புதிதாக இருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு ஆற்றை ரசியுங்கள்.

மலை முகட்டு வீடும் அப்படித்தான். எல்லாத் திசையும் தெரிகிற இடத்தில் எல்லாத் திசைக் காற்றும் அடிக்கும். காட்டுத் தீ சமவெளியில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், ஏனென்றால் சுடர் தனக்கு மேலே இருக்கும் புல்லையும் புதரையும் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. பள்ளத்தாக்கின் காலைப் பனிமூட்டத்தைப் பற்றி ஒருவர் கவிதையாகவே பேசினார். இரவில் கனத்த குளிர்காற்று கீழே இறங்கித் தங்குவதால் வருவது அது. அதே காற்று அடுப்புப் புகையையும் குப்பை எரித்த புகையையும் மேலே எழவிடாமல் பிடித்து வைக்கும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அந்தக் காலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தனிமையும் அமைதியும் வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு, "பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லை" என்று பெருமையோடு குடியேறுகிறார்கள். பக்கவாதம் வந்தால் மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; அதற்கும் முன்பு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அருகில் இருக்கும் சிறு மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இல்லை என்றால் அங்கே போய்த் திரும்பிய நேரமும் வீண்தான். இதயம் நின்றுவிட்டாலோ நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய ஆள் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் முதல் சில நிமிடங்களில் வந்து நிற்கப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். மழை பெய்யும் ஓர் இரவில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள்.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய சகோதரி ஓர் ஆய்வைச் சொன்னார். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டது. சாளரம் வழியே மரங்கள் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு விரைவில் வீடு திரும்பினார்கள் என்றார். ஒப்புக்கொள்கிறேன், நல்ல ஆய்வு. அந்தச் சாளரம் எங்கே இருந்தது, சகோதரி? மருத்துவமனையில் இருந்தது. சிகிச்சை கிடைத்த பிறகுதான் மரம் தன் வேலையைச் செய்தது.

மலை நாளை வராது என்ற எதிரணித் தலைவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்திரத்தில் எழுதித் தருவது நான்கு எல்லைக்குள் இருக்கும் நிலத்தைத்தானே? எதிரே தெரியும் தோப்பும் சரிவும் வேறொருவருடையவை. அவர் மரத்தை வெட்டலாம், கோழிப்பண்ணை வைக்கலாம், கல் உடைக்க அனுமதி வாங்கலாம். காட்சிக்குப் பட்டா கிடையாது. ஆனால் உங்கள் வாசலுக்கு வரும் பாதை யாருடைய நிலத்தின் வழியே வருகிறது, அந்த வழி உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, பக்கத்து நிலத்துக்கு என்ன திட்டம் இருக்கிறது என்பதையெல்லாம் இன்றே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இணையம் எப்படி என்பதையும் விற்பவரின் வாயால் கேட்காமல், அங்கேயே உட்கார்ந்து ஒரு முழு வேலைநாளைக் கழித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

"வசதிதான் வேண்டுமென்றால் நகரத்திலேயே இருந்துவிடலாமே" என்றும் கேட்டார்கள். நாங்கள் வணிக வளாகமா கேட்டோம்? தண்ணீர், வழி, வைத்தியம், நாலு மனிதர்கள் கேட்டோம். கிராமத்து மக்களே இவற்றைப் பார்த்துத்தான் குடியேறினார்கள். பழைய ஊர்கள் பெரும்பாலும் எங்கே அமைந்திருக்கின்றன என்று கவனியுங்கள். நீருக்கு அருகில், ஆனால் வெள்ளம் எட்டாத மேட்டில். ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் வீடுகள். மண்ணை நம்பிப் பிழைத்தவர்கள் போட்ட கணக்கு அது. அவர்கள் யாரும் வீடு கட்டாமல் விட்ட இடம் காலியாக, அழகாக இருக்கிறது என்றால், ஏன் விட்டார்கள் என்று கேட்க வேண்டாமா?

அதைச் சொல்லப் போவதும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆகவே வாங்குவதற்கு முன் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் ஆண்டு இருங்கள். வறட்சியின் கடைசி மாதத்தில் கிணற்றில் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்று பாருங்கள். அடைமழையில் பாதை என்ன ஆகிறது என்று பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி யார் விசாரிக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று என்றால் நீங்கள் போகிறீர்களா என்பதையும் பாருங்கள்.

அப்படியானால் அழகே வேண்டாமா என்று எதிரணியினர் கேட்பார்கள். வேண்டும். நீரும் வழியும் மனிதர்களும் சரியாக அமைந்த ஊர்கள் மூன்று நான்கு கைக்கு வந்த பிறகு, அவற்றில் எந்த ஊரின் மலை உங்கள் மனதைப் பறிக்கிறதோ அந்த ஊருக்குப் போங்கள். எங்கள் அணியே வந்து வழியனுப்பும். அந்த வரிசையை மாற்றாமல் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.