கேட்டுவிடுங்கள், தயங்காதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தற்கொலை என்றதும் நாம் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். கடன், காதல், தேர்வு என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். அதே கடனும் அதே தோல்வியும் உள்ள எத்தனையோ பேர் உயிரோடுதானே இருக்கிறார்கள்? உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் மனம் போகும் போக்கில் ஓர் ஒற்றுமை உண்டு.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், தாங்க முடியாத மனவலிதான் இதன் வேர் என்றார். வலி கூடக்கூடப் பார்வை குறுகிக்கொண்டே போகும். பத்து வழி இருந்தாலும் கண்ணுக்கு இரண்டுதான் தெரியும்: இப்படியே கிடந்து துடிப்பது, இல்லையென்றால் செத்துப்போவது. அப்போதும் உள்ளுக்குள், யாராவது தடுக்க மாட்டார்களா என்ற தவிப்பு இருக்கும். பெரும்பாலும் அவர்கள் கேட்பது சாவை அல்ல, வேதனை நிற்பதைத்தான்.

இன்னொரு அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் இரண்டு நினைப்புகளைச் சுட்டிக்காட்டினார்: 'எனக்கென்று யாருமில்லை', 'நான் எல்லாருக்கும் பாரம்'. இரண்டாவதில்தான் நாம் அதிகம் கோட்டைவிடுகிறோம். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால், "பைத்தியம் மாதிரிப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அவருக்கோ அது கணக்குப் போட்டுப் பார்த்த உண்மை போலவே தெரிகிறது.

சரி, என்ன செய்வது? சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறாயா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம் வரும். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டதும் பலர் அழுதுவிடுவார்கள், அழட்டும். 'பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பார்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே குற்றவுணர்வில் நசுங்கிக் கிடப்பவர் அவர். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடக் கூடாது. ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பொருளை எடுத்துவைத்தால் வேறு வழி தேட மாட்டாரா என்று கேட்பீர்கள். இலங்கையைப் பாருங்கள். 1995 முதல் கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அங்கே தடை செய்தார்கள். 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. உச்சத்தில் இருக்கும் உந்துதல் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பிவிடலாம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடமோ நீங்கள் நம்பும் ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உதவி எண்ணை அழைக்கலாம். இன்றே செய்யுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் வாரங்கள். ஆபத்து மிகுந்த காலம் அது. ஆனால் நாமோ கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தொடர் சிகிச்சைக்கு வராதவர்களில் ஒரு பகுதியினருக்கு அவ்வப்போது சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமா என்று விசாரிக்கும் சில வரிகள், அவ்வளவுதான். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. இன்றைக்குக் கடிதம்கூட வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரமும் போடுங்கள்.