நாள்காட்டித் தாளும் முதல் காலமும்

வணக்கம். நான் முப்பது வருடமாகக் கர்நாடக இசையில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்கள் பாட்டுக்கு வந்தால் முதல் நாளே, "ஒரு வருஷத்தில் ஒரு வர்ணம் பாடிவிட வேண்டும்" என்பார்கள். வர்ணம் என்றால் அடிப்படைப் பாடங்கள் முடிந்தபின் கற்கும் நீண்ட உருப்படி. நல்ல ஆசை. நான் உடனே கேட்பேன்: "நாளைக் காலை எத்தனை மணிக்குச் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பாட உட்காருவீர்கள்?"

ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் இதற்குச் சட்டென்று பதில் சொன்னார். காபி குடித்தபின், பேப்பர் வருவதற்குள். அதோடு தானாகவே ஒரு வழியும் செய்துகொண்டார். வீட்டில் தினசரி நாள்காட்டி இருக்கிறதல்லவா, தாள் கிழிப்பது? பாடி முடித்தபிறகுதான் அன்றைய தாளை வெளியே கொண்டுவருவார். பாடாவிட்டால் முந்தின நாள் தாள் அப்படியே தொங்கும். ராகுகாலம் பார்க்க வந்த மனைவி, "இன்னும் நேற்றிலேயே நிற்கிறீர்களே" என்பாராம்.

ஒருமுறை காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டார். எழுந்ததும் போன் செய்தார். "நாலு நாள் பாக்கி, இன்றைக்குச் சேர்த்துப் பாடிவிடட்டுமா?" வேண்டாம் என்றேன். அந்தத் தாள்களைக் கிழித்துப் போடுங்கள், இன்றைக்கு உள்ளதை மட்டும் பாடுங்கள். விட்டதையெல்லாம் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். மறுநாளும் போய்விடும். எத்தனையோ பேர் அப்படித்தான் பாட்டையே விட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

சரி, அவர் தினமும் என்ன பாடினார்? சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் முதல் பாடம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்வார்கள். மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களும் தொடையில் தாளம் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. காலம் என்றால் இங்கே பாடும் வேகம். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். ஏற எட்டு, இறங்க எட்டு. இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கையின் வேகம் மட்டும் மாறக் கூடாது. போட்டுப் பாருங்கள், மூன்றாம் காலத்தில் கை தானாக ஓடும்.

எல்லோருக்கும் மூன்றாம் காலத்தில்தான் கண். அவரும் மூன்றாவது வாரமே அதைக் கேட்டார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், இங்கும் சொல்கிறேன்: முதல் காலம், முதல் காலம். மெதுவாகப் பாடும்போதுதான் ரிஷபம், அதாவது 'ரி', இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் தூக்கி நிற்பது காதில் விழும். வேகத்தில் அது ஒளிந்துகொள்ளும். வர்ணம் பாட வந்தபிறகும் காலையில் முதலில் பாடுவது அந்த எட்டு ஸ்வரம்தான். இதைக் கீழே இறங்குவதாக நினைப்பவர்களால் தினசரி சாதகத்தை, அதாவது பயிற்சியை, தொடர முடிவதில்லை.

அவர் மோகன வர்ணத்தை முழுதாகப் பாடினார். ஒரு வருடத்தில் முடியவில்லை, பதினாலு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அகார சாதகம் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். அதனால் இவ்வளவு மட்டும்: இதே வரிசையை ஸ்வரப் பெயர் இல்லாமல் 'ஆ' என்று வாயை நன்றாகத் திறந்து பாடுங்கள், முதல் காலத்தில். எழுந்தவுடன் மேல் ஸ்தாயிக்கு, அதாவது உச்சக் குரலுக்கு, போகாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். குழந்தைகளுக்கு அதிலும் பாதி. வணக்கம்.