திரும்பி வரும் மாதத்தைக் கேளுங்கள்

நண்பர்களே, வெளிநாட்டுத் தொண்டுப் பணி என்று பேச்செடுத்தாலே, எந்த வயதில் போவது என்ற கேள்விதான் முதலில் வரும். படிப்பை முடித்த கையோடா, வேலையில் காலூன்றிய பிறகா, திருமணத்துக்கு முன்பா, பின்பா? அப்படிக் கேட்பவரிடம் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: எந்த மாதம் திரும்பி வருவீர்கள்?

அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1961இல் தொடங்கிய பீஸ் கோர், அமெரிக்கக் குடிமக்களை அனுப்பும் அமைப்பு. அதில் வழக்கமான காலம் 27 மாதங்கள். மூன்று மாதம் பயிற்சி, மீதி இரண்டு ஆண்டுகள் பணி. பட்டம் வாங்கிய சூட்டோடு ஜூனில் கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துச் செப்டம்பரில் வந்து இறங்குவீர்கள். நீங்கள் சேர நினைத்த மேற்படிப்பு ஆகஸ்டிலேயே தொடங்கியிருக்கும். சில வாரத் தாமதத்துக்கு முழுதாக ஓர் ஆண்டு விலை! அதே 27 மாதத்தை மார்ச்சில் தொடங்கியிருந்தால் ஜூனில் வீட்டில் இருப்பீர்கள். பிறகு நிறைய பேர் "தொண்டுக்குப் போனதால் பின்தங்கிவிட்டேன்" என்கிறார்கள். தொண்டின் மேல் பழி போடுவதற்கு முன் காலண்டரை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய இளைஞர் தொண்டர் திட்டம் 1965இல் தொடங்கியது. பணிக்காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். வேலையில் இருக்கும் ஆசிரியர் போக விரும்பினால் என்ன செய்வது? ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நடுவில் ஓர் ஆசிரியர் எழுந்து போனால் வகுப்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் 2001இல் ஆசிரியர்களுக்கென்று தனி ஏற்பாடு செய்தார்கள். பயிற்சியையும் சேர்த்தே இரண்டு ஆண்டு. ஏப்ரலில் பயிற்சி, மார்ச்சில் திரும்புதல், அடுத்த ஏப்ரலில் பழைய வகுப்பறை. வேலையை விட வேண்டியதில்லை. ஒரு சில மாதங்களைக் கத்தரித்துவிட்டு ஒருவருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்காது. ஆனால் ஊதியமில்லா விடுப்பு கேட்கப் போகும்போது, "இன்ன தேதியில் மேசைக்குத் திரும்புவேன்" என்று எழுதிக் கொடுங்கள். "ஏறக்குறைய இரண்டு ஆண்டு" என்று இழுப்பவருக்கு எந்த மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

கல்லூரிக்கு வருகிறேன். கையில் இடம் கிடைத்த பிறகு ஓர் ஆண்டு தள்ளிப்போடச் சம்மதிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இரண்டு ஆண்டுக்குமேல் என்றால் முகம் மாறிவிடும். அதனால் நீண்ட பணியைப் படிப்பின் நடுவில் செருகாதீர்கள். பட்டத்துக்கும் மேற்படிப்புக்கும் இடையில் வையுங்கள். பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸ் அப்படித்தான் செய்தார். கல்லூரியை முடித்து 1983 முதல் 1985 வரை ஆப்பிரிக்காவின் ஸ்வாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினி) பீஸ் கோர் தொண்டராகக் கணக்குப் பாடம் நடத்தினார். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் படித்தது அதற்குப் பிறகு.

வேலைக்குப் போய்விட்டோமே, வாய்ப்புப் போய்விட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1958இல் பிரிட்டனில் விஎஸ்ஓ என்ற வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு தொடங்கியபோது அது அனுப்பியது பள்ளியை முடித்த 18 வயதினரை. போகப் போக, தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக மாறியது. ஐ.நா. தொண்டர் திட்டத்திலும் 18 முதல் 26 வரை இளைஞர் பிரிவு. அனுபவமுள்ளவர்களுக்கான நிபுணர் பிரிவு 27 வயதில்தான் தொடங்குகிறது. போகிற ஊருக்கு உங்கள் ஆர்வத்தைவிட உங்களுக்குத் தெரிந்த வேலை பெரிது. குழாய் பதிக்கத் தெரிந்த ஒருவர், ஒன்றும் தெரியாத பத்து நல்ல மனங்களுக்குச் சமம். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

குடும்ப விஷயத்தில்தான் காலண்டர் கைகொடுக்காது. பீஸ் கோரில் கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பிக்கலாம்; இருவரும் தேர்வாக வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஆசை என்றால், அந்த ஆசையை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. தேர்வுக் கடிதத்தைக் காட்டிச் சொல்வது கலந்து பேசுவது ஆகாது, அறிவிப்பு. பெற்றோரின் உடல்நிலை சரியில்லாத ஆண்டில் போகத்தான் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். ஐ.நா.வுக்கு இணையவழித் தொண்டுப் பிரிவும் இருக்கிறது. மொழிபெயர்ப்போ வடிவமைப்போ வீட்டிலிருந்தே செய்து கொடுக்கலாம். கதவு மூடிவிடாது.

மூடாது என்பதற்கு லில்லியன் கார்ட்டரே போதும். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. 1966இல், 68 வயதில், தாதியான அவர் பீஸ் கோரில் சேர்ந்து மும்பைக்கு அருகே விக்ரோலிக்கு வந்து வேலை பார்த்தார். அவருடைய மகன் ஜிம்மி அமெரிக்க அதிபரானது அதற்கும் பத்தாண்டு கழித்து.

கடைசியாக, மேடையில் யாரும் பேசாத ஒன்று. பல்! பீஸ் கோரில் தேர்வான பிறகும் மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை இரண்டிலும் தேறினால்தான் விமானம் ஏற முடியும். அடைக்காத ஒரு சொத்தைப் பல்லால் புறப்பாடு தள்ளிப்போகலாம். மார்ச் ஜூனாகும். ஜூனில் கிளம்பினால் எந்த மாதம் திரும்புவீர்கள் என்று முன்பே கணக்குப் போட்டோம். இந்த வாரமே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.