தயிர் கப்பில் 'மாடிஃபைடு ஸ்டார்ச்': இது மரபணு மாற்றமா?

[காட்சி: தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்தில் ஒரு மளிகைக் கடையின் ஃபிரிட்ஜ். ஒரு தட்டில் ஆவின் பாக்கெட், மறு தட்டில் மில்மா பாக்கெட், மேலே பழத் தயிர் கப்புகள்.]

எல்லைக் கடை ஃபிரிட்ஜில் ஒரே பண்டம் இரண்டு மொழியில் இருக்கும். ஒண்ணுல 'தயிர்', இன்னொண்ணுல 'தைரு'. 2023 மார்ச்சில் பாக்கெட்டுல 'தஹி'ன்னுதான் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லி, எதிர்ப்பு கிளம்பினதும் உள்ளூர்ப் பெயரையும் சேர்த்துக்கலாம்னு இறங்கி வந்தது. முன்பக்கத்துப் பெயருக்கு அவ்வளவு சண்டை. பின்பக்கத்துப் பொடி எழுத்தை யாரும் திருப்பிப் பார்க்கிறதில்லை.

[காட்சி: ஸ்ட்ராபெர்ரி யோகர்ட் கப். கேமரா பின்பக்க எழுத்துக்கு நெருங்குகிறது.]

பால், சர்க்கரை, பழக்கூழ், பால் பவுடர், அப்புறம் 'மாடிஃபைடு ஸ்டார்ச், ஐ.என்.எஸ். 1442'. எது எடையில அதிகமோ அது முதல்ல வரும். 'மாடிஃபைடு'ன்னு பார்த்ததும் நிறையப் பேர் கப்பைத் திரும்ப வெச்சிடறாங்க, மரபணு மாத்தினதுன்னு நினைச்சு. அது வேற, இது வேற. மக்காச்சோள மாவையோ மரவள்ளி மாவையோ ரசாயன முறையில பக்குவப்படுத்தி, புளிப்பிலயும் சூட்டிலயும் நீர்த்துப் போகாம ஆக்கியிருக்காங்க. ஐ.என்.எஸ்.ங்கறது உணவுல சேர்க்கிற பொருளுக்கான சர்வதேச எண் வரிசை; 1442-ம் 1422-ம் அந்த மாவு வகையோட எண்கள். மாத்தினது மாவை. செடியோட மரபணுவைப் பத்தி அந்த எண் எதுவும் சொல்லாது.

அப்போ அந்தச் சோளம் மரபணு மாற்றுச் சோளமா? நம்ம நாட்டுல விளைஞ்சதுன்னா இல்லை. இந்தியாவில வணிகமா பயிரிட அனுமதி வாங்கி வயல்ல நிக்கற மரபணு மாற்றுப் பயிர், பூச்சியைக் கொல்லும் புரதத்தைத் தானே சுரக்கிற பி.டி. பருத்தி ஒண்ணுதான், 2002-லிருந்து. பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில நிறுத்தி வெச்சாங்க. கடுகுக்கு 2022-ல கொடுத்த அனுமதி உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில நீதிபதிகள் இருவரும் இரண்டு விதமா தீர்ப்புச் சொன்னாங்க. நம்ம சர்க்கரை கரும்புச் சர்க்கரை, அதுலயும் மரபணு மாற்று ரகம் பயிரில் இல்லை. உறைக்குப் போடற லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் இரண்டும் இயற்கையில கிடைச்சதுல இருந்து பொறுக்கி எடுத்து வளர்த்த கிருமிகள்.

[காட்சி: மாட்டுத் தொட்டி. ஊற வைத்த பருத்திப் பிண்ணாக்கு, தவிடு.]

நம்ம ஊர்த் தயிர்ல மரபணு மாற்றம் நிஜமா எட்டிப் பார்க்கிற இடம் இதுதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமானாலும் பொள்ளாச்சி பக்கமானாலும் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையோ பருத்திப் பிண்ணாக்கோ வைக்கிற வழக்கம் உண்டு. நாட்டுப் பருத்திப் பரப்புல 90 சதவீதத்துக்கு மேல பி.டி. ஆகவே பிண்ணாக்கும் பெரும்பாலும் அதுதான். ஆனா பி.டி. புரதம் மாட்டோட அசைபோடும் வயித்துல மற்றப் புரதம் மாதிரியே சிதைஞ்சு போகுது. பால் மாட்டோட பாலாத்தான் வருது. அமெரிக்க, ஐரோப்பியச் சட்டங்களும் தீவனத்தை வெச்சுப் பாலுக்கு முத்திரை குத்தறதில்லை. மரபணு மாற்றுத் தீவனமே கூடாதுங்கறது உங்க கொள்கைன்னா லேபிள் உதவாது. பால் ஊத்தறவங்க கிட்ட "மாட்டுக்கு என்ன வைக்கிறீங்க"ன்னு கேட்கறதுதான் வழி. தேங்காய்ப் பிண்ணாக்கும் பச்சைப் புல்லும் மட்டும் வைக்கிறவங்க இருக்காங்க, விலை கொஞ்சம் ஏறும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போற பெரியவங்களுக்குக் கணக்கு மாறும். அங்க சோளம், சோயா, சர்க்கரை பீட் மூணுமே பெரும்பகுதி மரபணு மாற்றுப் பயிர். அதனால பழ யோகர்ட்டோட சர்க்கரை, சோளச் சிரப், ஸ்டார்ச் எல்லாம் அதுல இருந்து வந்திருக்கலாம். 2022 ஜனவரி 1-லிருந்து 'பயோஎஞ்சினியர்டு'ன்னு அச்சிடணும்னு அங்க சட்டம். ஆனா நல்லா சுத்திகரிச்ச சர்க்கரையில மரபணுவே மிஞ்சாததால பல கப்புக்கு அந்த முத்திரை தேவைப்படாது. வெறும் பாலும் உறையும் மட்டும் போட்ட கப்பை எடுத்தா இந்தக் கேள்வியே எழாது.

[காட்சி: சமையல் மேடை. டிங்சர் அயோடின் பாட்டில், மூணு சின்னக் கிண்ணம்.]

வீட்டுல செய்யக்கூடிய சோதனை ஒண்ணு இருக்கு. இது மரபணுவைக் காட்டாது, அதுக்கு ஆய்வகத்துல பி.சி.ஆர்.ங்கற மரபணுச் சோதனை வேணும். தயிர்ல மாவு இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டும்.

மூணு கிண்ணம்: ஒண்ணுல சோத்துக் கஞ்சி, ஒண்ணுல வீட்டுத் தயிர், ஒண்ணுல கடைத் தயிர். முதல் இரண்டும் ஒப்பிட. தயிர் ஒரு தேக்கரண்டின்னா தண்ணி இரண்டு தேக்கரண்டி. கலக்கிக் கொதிக்க வெச்சு, முழுசா ஆற விடுங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு சொட்டு அயோடின். கஞ்சி கருநீலமாகும். வீட்டுத் தயிர் அயோடினோட லேசான மஞ்சளோட நிக்கும்.

இது தவறிப் போறது மூணு இடத்துல. சூடா இருக்கும்போது ஊத்தினா மாவு இருந்தாலும் நீலம் தெரியாது. ஸ்ட்ராபெர்ரி மாதிரிப் பழத்துல இருக்கிற வைட்டமின் சி அயோடினோட நிறத்தையே வெளுக்க வைக்கும், அதனால பழம் படாத வெள்ளைப் பகுதியை எடுங்க. மூணாவது பலருக்குத் தெரியாதது: மெழுகுச் சோளம்னு ஒரு வகையோட மாவு நீலம் காட்டாது, செம்பழுப்புதான் வரும். 'நீலம் வரலையே'ன்னு விட்டுடாதீங்க. கெட்டியாக்கப் போடற ஜெலட்டினும் பெக்டினும் மாவு இல்லைங்கறதால இதுல சிக்கவே சிக்காது. லேபிள்ல ஸ்டார்ச் போட்டிருந்து நிறம் மாறினா அது குத்தமில்லை. வெறும் தயிர்னு விக்கிற பாக்கெட் கருநீலமானாதான் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் புகார் கொடுக்கணும்.

[காட்சி: கத்தியால் வெட்டினால் நிற்கும் கெட்டித் தயிர்.]

மாவு எதுக்குப் போடறாங்க? வாங்கறவங்க கேட்கறாங்க, அதான். கரண்டி போட்டா குழி அப்படியே நிக்கணும், மேல தண்ணி விடக் கூடாது. லாரியில குலுங்கி வர்ற தயிருக்கு அது லேசுல வராது. சமையல்லயும் வித்தியாசம் தெரியும். மாவு சேர்ந்த தயிர்ல வெச்ச புளிசேரி, அதாவது கேரள மோர்க்குழம்பு, கொதிச்சாலும் திரியாது. மாவில்லாத தயிரைக் கட்டியில்லாம கடைஞ்சு ஊத்தி, நுரை கூடினதும் இறக்கிடணும். புளிப்பை மட்டும் எந்த மாவும் கொடுக்காது, அதுக்கு ஒரு நாள் வெளிய வெச்ச தயிர்தான்.

மாவில்லாம கெட்டி வேணும்னா பாலைக் காய்ச்சறதுலதான் விஷயம். ஒரு லிட்டர் பாலுக்கு 25 கிராம் பால் பவுடர் கரைச்சு, பொங்கினதும் அடுப்பைக் குறைச்சு 85 டிகிரியில அரை மணி நேரம் விடுங்க. பால்ல கரைஞ்சிருக்கிற மோர்ப் புரதம் அந்தச் சூட்டுல பிரிஞ்சு, தயிரோட சேர்ந்து தண்ணியைப் பிடிச்சுக்கும். ஒரே பொங்கல்ல இறக்கினா இது முழுசா நடக்காது, தண்ணி விடும். 43 டிகிரிக்கு ஆறினதும், அதாவது விரல் வெச்சா சூடு தெரிஞ்சாலும் சுடாத பதத்துல, இரண்டு தேக்கரண்டி உறை கரைச்சு, அஞ்சாறு மணி நேரம் ஆட்டாம வைங்க. ரொம்பச் சூடான பால்ல ஊத்தினா உறைக் கிருமி செத்துடும். உறைஞ்ச பிறகு சூடாக்கிப் பதப்படுத்தின கப்பை உறைக்கு எடுத்தாலும் தோயாது, அதுல உயிரில்லை.

[காட்சி: கரண்டியிலிருந்து நூலாக இழுபடும் தயிர்.]

கடைசியா, இந்த நூல். 'பிளாஸ்டிக் கலந்திருக்காங்க, ஜீன் மாத்தியிருக்காங்க'ன்னு ஃபோன்ல சுத்தற வீடியோ எல்லாம் இதைத்தான் காட்டுது. சில உறைக் கிருமி தானாவே பிசுபிசுப்பான சர்க்கரை இழையைச் சுரக்கும். தண்ணி விடாம இருக்கும்னு கம்பெனிக்காரங்களே அந்த வகையைத் தேடி எடுத்துப் போடறதும் உண்டு. சாப்பிடலாம். ஆனா அதையே உறை ஊத்தினா நாளைக்கு வீட்டுத் தயிரும் நூல் விடும். அது பிடிக்கலைன்னா பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி உறை வாங்கிக்கோங்க.