கடைசிக் கம்பத்து வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பொதுச் சேவைகள் தனியார் கைக்குப் போனால் சமூகத்துக்கு நன்மையே என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். தொலைபேசியைக் காட்டினார், மின்சாரம் விநியோகிக்கும் லெக்கோ கம்பனியைக் காட்டினார், பழுதாகி டிப்போவுக்குள் நிற்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பேருந்துகளைக் காட்டினார். தீமையே என்பது எங்கள் அணி. அவர் காட்டிய மூன்றையும் நானும் எடுக்கிறேன்.

தொலைபேசியில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கை யப்பானின் என்.ரி.ரி. தொலைபேசிக் கம்பனி வாங்கிய காலத்தோடு இணைப்புகள் பெருகின. மறுக்கமாட்டேன். ஆனால் கைபேசிக் கோபுரம் ஒன்றை நட்டால் சுற்றிவரக் கிலோமீற்றர் கணக்கில் அலை போகும். பக்கத்திலேயே இன்னொரு கம்பனி இன்னொரு கோபுரம் நடலாம். ஒன்று சரியில்லையென்றால் சிம்மை மாற்றிவிடுவோம். மின்சாரத்துக்கு இது பொருந்துமா? ஒரே ஒழுங்கையில் இரண்டு கம்பனிகள் இரண்டு வரிசையாகக் கம்பம் நடுவதில்லை. கம்பி ஒன்றுதான். அதை விற்றால் போட்டி வராது, முதலாளி மட்டுமே மாறுவார்.

லெக்கோவுக்கு வருவோம். 1983இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் மின்னிழப்பு குறைவு என்றார். குறைவுதான். ஆனால் அதன் பங்குகள் திறைசேரி போன்ற அரச அமைப்புகளின் கையில் இருக்கின்றன. கம்பனி என்று பெயர் இருப்பதால் அது தனியாராகிவிடாது. அதைவிட முக்கியம், அது எங்கே விநியோகிக்கிறது என்பது. நுகேகொடை, கோட்டே, மொறட்டுவை, களுத்துறை, காலி: வீட்டோடு வீடு ஒட்டிய மேற்கு, தெற்குக் கரையோரம். அங்கே 1 கிலோமீற்றர் கம்பியில் 150 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். நம் வன்னியின் ஒட்டுசுட்டானில் ஒரு வயல்பாதையில் அதே 1 கிலோமீற்றரில் 8 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். கம்பங்களும் அதேயளவு, கம்பியும் அதே நீளம், மரக்கொப்பு வெட்டும் வேலையும் அதே வேலை. செலவைப் பங்குபோட ஆட்கள் இல்லை. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் 8 வீட்டுக்கும் 80 வீட்டுக்கும் ஒரேயளவு மின்னை இரவுபகலாகத் தின்னும்.

இந்த 8 வீடுகளுக்கு என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியின் தோட்டமெல்லாம் இதில்தான் தொங்குகிறது. நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற். 6 வீதம் கூடிக்குறையலாம், அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. மின்மாற்றியிலிருந்து கம்பி நீள நீள, கம்பியின் தடையில் வோல்ற் கரையும். மாலையில் எல்லோரும் மிளகாய்க்கும் பப்பாசிக்கும் தண்ணீர் இறைக்கும்போது கடைசிக் கம்பத்து வீட்டில் 190க்கு இறங்கலாம். மோட்டரைக் கிளப்பும் விசை வோல்ற்றின் வர்க்கத்தோடு போவது. 190இல் அந்த விசை மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். மோட்டர் உறுமும், சுழலாமலே நின்றுவிடலாம். சுழலாமல் நிற்கும் மோட்டர் வழமையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு சில நிமிடத்தில் சுருளின் பூச்சு கருகும். கமக்காரர் மோட்டர் கடையில் சுருள் கட்டக் கொடுத்துவிட்டு நிற்பார், பயிர் காத்திருக்காது.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும்: உயர் அழுத்தக் கம்பியை உள்ளே இழுத்து, பாதையின் நடுவில் இன்னொரு மின்மாற்றி வைப்பது. 8 வீட்டுக் கட்டணத்தில் அந்தச் செலவு எத்தனை ஆண்டில் திரும்பும்? இலாபம் கேட்கும் கம்பனி இந்தக் கணக்கைத்தான் முதலில் போடும். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, பங்குதாரருக்கு அது கடமை. தூரத்து வீட்டிடம் இணைப்புக்கு இன்றும் கூடுதலான பணம் கேட்கிறார்கள், அதுவும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் வீட்டுப் பாவனையாளருக்கு அலகின் விலை கொழும்பிலும் கொக்கிளாயிலும் ஒன்று. நுகேகொடை கட்டும் பணத்தில் ஒரு துளி நமது கம்பிக்கு வருகிறது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழி திறந்தது. பிரிப்பது வேறு, விற்பது வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் துண்டாகப் பிரித்த பிறகு வாங்க வருபவர் கேட்கப்போவது நுகேகொடைத் துண்டையே அல்லாமல் ஒட்டுசுட்டான் துண்டையல்ல. வடத்தைப் பிடித்த வலுவான கைகள் போய்விட்டால் தேர் நகராது.

பேருந்தில் இது நடந்தே முடிந்த கதை. 1958இல் தேசியமயமானது, 1979இல் தனியாருக்குத் திறந்தது, 90களின் தொடக்கத்தில் 'மக்கள்மயம்' என்று பல கம்பனிகளாக உடைந்தது, 2005இல் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் போக்குவரத்துச் சபையாகக் கூட்ட வேண்டியதாயிற்று. ஏன் என்பதை நடத்துநரின் சம்பளத்தில் பார்க்கலாம். தனியார் பேருந்தில் பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. ஆகவே ஆள் நிரம்பும்வரை தரிப்பிடத்தில் நிற்பார்கள், பிறகு முன்னால் போகும் வண்டியை முந்த ஓடுவார்கள். பருவச்சீட்டோடு நிற்கும் மாணவரை ஏற்றினால் வசூல் இல்லை. மாங்குளம்–முல்லைத்தீவு வீதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர். போய்வர ஒரு வண்டிக்கு 25 லீற்றர் டீசல் என்று வைத்தால், இரவுக் கடைசி ஓட்டத்தில் 10 பேருக்காக அதை எரிக்க எவருக்கும் மனம் வராது. காலை நிறைந்த ஓட்டம் தனியாருக்கும், மாணவரும் கடைசி ஓட்டமும் இ.போ.ச.வுக்கும் என்று பங்கு பிரிந்தால், வருட முடிவில் இ.போ.ச. நட்டம் என்று எழுதப்படும். அந்த நட்டத்தைத்தான் எதிரணி இங்கே ஆதாரமாக வைத்தது.

டிப்போவில் வண்டிகள் பழுதாய் நிற்பது உண்மை, அது எனக்கும் கோபம்தான். அதற்கு வேண்டியது உதிரிப்பாகமும் ரயரும் நேரத்துக்கு வருவது, இரு தரப்பும் மதிக்கும் இணைந்த நேர அட்டவணை ஒன்று. விற்பதால் உதிரிப்பாகம் வராது.

விற்ற பிறகு திரும்பப் பெறுவதும் எளிதல்ல. 1995இல் கொழும்பு எரிவாயுக் கம்பனியின் 51 வீதத்தை ஷெல் வாங்கியது, ஐந்தாண்டு ஏகபோக உரிமையையும் சேர்த்தே. 2010இல் அரசு அதைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கியது. 2003இல் விற்ற காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை மீட்க 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

கடைசியாக, ஆஸ்பத்திரியும் ஒரு பொதுச் சேவைதான்; நம் வயல்வரம்பில் இருக்கும் பாம்பை எடுப்போம். கண்ணாடி விரியன் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சரித்துப் பார்க்கையில் உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. 10 முதல் 20 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். மருந்தே ஒவ்வாமை தருவதுண்டு, அதை அடக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்க்கத் தெரிந்தவர் விழித்திருக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தக் குப்பிகள் கடி வரும்வரை அலுமாரியில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் எவரையும் பாம்பு கடிக்காவிட்டால் நாள் கடந்து வீணாகும், புதிது வாங்கி வைக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்து வரும் நண்பர், நாள் கடந்துபோன அந்தக் குப்பிகளுக்கு எந்தக் கம்பனி, எந்த வருமானத்திலிருந்து பணம் கட்டும் என்பதைச் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும்.